குருநாதன் முதலாளியின் பங்காளி

4-9-1980
மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு எழுதிப்போட்டுவிட்டு வக்கீல் ஆவுடையப்பனைப் பார்க்கப் போனேன். நாலு மணிக்கு வரச்சொல்லிவிட்டு ஆறு வரை உட்காரவைத்தார். உள்ளே தூக்கம். கன்னத்தில் பாய்க்கோடு இருந்தது.

இவர் ஓட்டிய வேனில் ரயில் மோதியதற்கு ரயில்வே மேல் வழக்குப் போடலாமா என்று கேட்டேன். "போடலாம். நோட்டீஸ் குடுத்து ரெண்டு மாசம் காத்திருக்கணும். ஆளில்லாத கேட்டுல டிரைவர்தான் எறங்கிப் பாக்கணும்பான். இஞ்சின்காரன் விசில் அடிச்சேன்னு சத்தியம் பண்ணுவான். இல்லைன்னு சொல்ல ஒங்க வீட்டுக்காரரு வரவா போறாரு?" செத்தவர் பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது!

இன்னொரு வழி, முதலாளி மேல். வேலை நேரத்தில் இறந்தால் போதும், தப்பு யாருடையது என்று பார்க்கமாட்டார்களாம். இவர் குருநாதனிடம் சம்பளத்துக்கு வேன் ஓட்டினார் என்பதற்கு மட்டும் சாட்சி வேண்டும். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்கிறார். வத்தல் மண்டியில் ஏது எழுத்து? சனிக்கிழமை சாயங்காலம் மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான்.

7-9-1980
குருநாதன் முதலாளி வந்தார். ஜூலை பதினைந்தாம் தேதி இவர் ரயிலில் அடிபட்டபோது சுடுகாட்டோடு சரி. அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. கோயில் ஆடித்தபசுத் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி அவர் குடும்பத்துடையது அல்லவா? இவர் போன எட்டாம் நாள் தலையில் பரிவட்டத்தோடு அம்மன் சப்பரத்துக்கு முன்னால் நடந்தார். நாங்கள் தீட்டு வீடு. கதவைச் சாத்திக்கொண்டு மேளம் கேட்டோம்.

இன்று நாற்காலியைத் துண்டால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "ஆறுமுகச்சாமி எனக்குத் தம்பி மாதிரி தாயி. தம்பி பொண்டாட்டி கோர்ட்டுக்குப் போவலாமா? வேன் நொறுங்கினத நான் கேட்டேனா?"

பதினொரு வருஷம் "ஏலே, வண்டிய எடு". செத்த பிறகு தம்பி!

என் மாமியார் காப்பி போட்டுக் கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

8-9-1980
அந்தத் தம்ளரைத் தூக்கி வெளியே எறிந்தேன். பிறகு போய் எடுத்துவந்தேன். எவர்சில்வர்.

22-9-1980
மனு போட்டாயிற்று. மண்டியில் மூட்டை தூக்குகிற மூக்காண்டி, தினமும் இவர் தூக்குச்சட்டியில் பங்கு போட்டுத் தின்றவன். சாட்சிக்கு வா என்றேன். "எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லாக்கா" என்கிறான். என் அன்னக்கிளி பிள்ளையில்லை போலிருக்கிறது.

15-11-1980
குருநாதனின் பதில் மனு வந்தது. இறந்தவர் தன்னிடம் வேலையே பார்த்ததில்லையாம். தனக்குப் பங்காளியாம். உறவு முறையில் வேனை இரவல் வாங்கிக்கொண்டு சொந்தமாக வத்தல் வியாபாரத்துக்குப் போனாராம். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாராம். வேன் நஷ்டத்தை நான் தரவேண்டுமாம்.

நாசமாப் போவான். அந்த வேனுக்குள்ள இருந்துதான இவரை அள்ளி எடுத்தாங்க — அதுக்கு நான் துட்டு குடுக்கணுமா?

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை படித்தேன். பங்காளி. பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு, கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. இந்தப் பெரிய மனுஷன் எட்டாம் நாள் எங்கே நின்றார்? சத்தமாகச் சிரித்துவிட்டேன். மாமியார் பயந்து திருநீறு பூசிவிட்டாள்.

17-11-1980
வக்கீலிடம் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும், "நானே யோசிச்சு வச்சிருந்ததுதான்" என்றார். யோசித்திருப்பார், பாயில்.

12-2-1981
திருநெல்வேலியில் தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் விசாரணை. தன் செல்வாக்கைக் காட்ட, குருநாதன் கோயில் ஆட்களை ஒரு கார் நிறையக் கூட்டி வந்திருந்தார்.

ஆவுடையப்பன் இன்று விழித்திருந்தார். "இறந்தவர் ஒங்களுக்குப் பங்காளியா?"

"ஆமா."

"போன தபசுக்குப் பரிவட்டம் கட்டினது நீங்கதான?"

நெஞ்சு நிமிர்ந்தது. "எங்க அப்பா காலத்துலேருந்து நாங்கதான்."

"அப்போ பங்காளி செத்த எட்டாம் நாள், தீட்டோட அம்மன் முன்னால போய் நின்னீங்க?"

பின்னால் கோயில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குருநாதன் முகம் கறுத்துவிட்டது. "எனக்கு என்னத்துக்கு வே தீட்டு? சம்பளக்காரப் பய செத்ததுக்கெல்லாம் எவன் தீட்டு காப்பான்?" என்று கத்தினார்.

கமிஷனர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். குருநாதனின் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெயித்துவிட்டோம் என்று ஆவுடையப்பன் காதில் சொன்னார். பஸ்ஸில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. பயலாம்! ஊரே வாயை மூடிக்கொண்டபோது இவருக்கு அந்த வசவுதான் சாட்சி சொல்ல வந்தது.

9-4-1981
உத்தரவு வந்தது. மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "ஆறுமுகச்சாமி குருநாதனின் சம்பளத் தொழிலாளி. வேலையில் இருக்கும்போது இறந்தார்."

"இது ஊருக்கே தெரியுமேட்டி. இதுக்கா இத்தன நாளு?" என்றாள்.

26-4-1981
குருநாதன் வந்தார். நஷ்டஈட்டைக் கட்டத் தவணை வேண்டுமாம். நாற்காலியில் அன்னக்கிளி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் எழுந்திரு என்று சொல்லவில்லை.

பழக்க தோஷத்தில் மாமியார் அடுப்படிக்குப் போனாள்.

"வேண்டாம் அத்தை. சம்பளக்காரன் வீட்டுக் காப்பி அவருக்கு எதுக்கு?"

நின்றபடியே பேசிவிட்டுப் போனார்.