வெறுங்கூடை வந்த நாள்

தோவாளை
28-10-1952

அன்புள்ள கிருஷ்ணமணிக்கு, தாணுமாலயன் எழுதுகிறேன்.

நேற்று சொல்லாமல் கொள்ளாமல் தக்கலைக்கு வந்து நின்றதில் எனக்கு வருத்தமொன்றும் இல்லை. காலை பஸ்ஸில் நான் உன் கடைக்குப் பூ ஏற்றிவிடுகிறேன், மதிய பஸ்ஸில் நீ கூடையைத் திருப்பி அனுப்புகிறாய். இத்தனை வருஷத்தில் அது ஒரு நாளாவது வெறுமையாக வந்ததுண்டா? நாலு வெற்றிலையாவது, ஒரு கை நெல்லிக்காயாவது கிடக்கும். வெறுங்கூடை அனுப்புவது உங்கள் வீட்டு வழக்கமே இல்லை. நேற்று உள்ளே பார்த்தால் ஒன்றுமில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

கடைக்குப் பின்னால் நின்று நீ சொன்னாயே, "இருக்கணும்னே தோணல்ல மக்கா" என்று. நானும் நேராகவே கேட்டேன், "சாவதப் பத்தி நெனைக்கியா?" என்று. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்பார்கள். நீயோ ஆமென்று தலையை ஆட்டி, அழுது முடித்து, இரண்டு தோசை தின்றாய். கேட்டது நல்லதாகப் போயிற்று.

உன் பெட்டியிலிருந்து நான் எடுத்து வந்தது இனி என்னிடம்தான் இருக்கும். கேட்டாலும் தரமாட்டேன். வியாழக்கிழமை டாக்டரிடம் போகும்போது நானும் வருகிறேன். பகவதியிடம் மட்டும் நீதான் சொல்ல வேண்டும். அவள் உனக்குத்தான் பெண்டாட்டி, எனக்கு அல்ல.

உன்
தாணு


தக்கலை
31-10-1952

தாணுவுக்கு,

நீ எடுத்துப் போனதைத் திருப்பிக் கேட்கமாட்டேன். அது இல்லாத வீட்டில் தூங்குவது சுகமாகத்தான் இருக்கிறது.

காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோய், வாரம் ஒரு முறை வந்து பேசிவிட்டுப் போ என்றாரே டாக்டர், அது எனக்குப் பிடித்தது. ஏன் இப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வியாபாரம் நடக்கிறது. எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. மத்தியானம் கடை ஓய்ந்ததும் அந்த நினைப்பு வந்து உட்காருகிறது. இப்போது அது வந்தால் நான் தனியே இருப்பதில்லை. பக்கத்துக் கடையில் மரியஜானின் தையல் மிஷினுக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுகிறேன். அவனுக்கு வாய் ஓயாது. அவன் ஒரு சட்டை தைத்து முடிப்பதற்குள் பெரும்பாலும் அது போய்விடுகிறது.

பகவதியிடம் சொல்லச் சொல்லாதே. தாங்கமாட்டாள். கூடை வெறுமையாக வந்தது எனக்கே தெரியாது. ஏதோ கைமறதி. அதற்காக ஊரைத் தாண்டி ஓடிவருவாயா?

கிருஷ்ணமணி


தோவாளை
3-11-1952

ஏலே கிருஷ்ணமணி,

தாங்கமாட்டாள் என்று நீ எப்படிக் கண்டாய்? கேட்டுப் பார்த்தாயா?

நான் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறேன், அவள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். இந்த ஐப்பசி மழையில் பஸ் நின்றுபோனால் என்ன செய்வாய்? என் கதையையும் கேள். மதிய பஸ் வந்து, கூடைக்குள் கையை விட்டுப் பார்க்கும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாற மாதிரில்லா பஸ்ஸப் பாத்துட்டு நிக்கேரு" என்று என் வீட்டுக்காரி இசக்கி கேலி செய்கிறாள். உன்னை இழக்க எனக்குச் சம்மதமில்லை. அதனால்தான் சொல்கிறேன். இது ஒருத்தன் தோளில் தூக்கும் சப்பரமில்லை, மக்கா.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு. இல்லையென்றால் நானே வந்து சொல்வேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். கோபப்பட நீ இருந்தால் போதும்.

தாணு


தக்கலை
17-11-1952

தாணுவுக்கு,

நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டேன். எழுத ஒரு வாரம் ஆனதற்குத் திட்டாதே. கூடை வெறுமையாக வரவில்லையே, அதிலேயே உனக்குத் தெரிந்திருக்கும்.

எப்படிச் சொன்னேன் என்றே தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவள் கூப்பாடு போடவில்லை. "சோறு ஆறுது, உண்ணும்" என்றாள். நான் உண்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். பிறகு, "அந்தச் சாமான் இப்பம் வீட்டுல இல்லியே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இன்னமும் சில மத்தியானங்கள் மோசம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் "பகவதி, வந்திருக்கு" என்று ஒரு குரல் கொடுத்தால், வேலையைப் போட்டுவிட்டு வந்து என் எதிரே பூத் தொடுக்க உட்கார்ந்துவிடுகிறாள். டாக்டரிடமும் இரண்டு பேருமாகப் போகிறோம். நீ அன்று வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்லவேளை, வந்தாய்.

உனக்கு எழுத வேண்டும் என்று அவள் காகிதம் கேட்டு வாங்கியிருக்கிறாள். என்னவாக்கும் என்றால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

கிருஷ்ணமணி


தக்கலை
18-11-1952

தாணு அண்ணனுக்கு, பகவதி எழுதிக்கொள்வது. இதை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஆவணியிலிருந்தே தெரியும். தினமும் சோறு போடுகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பெட்டியில் இருந்ததையும் பார்த்துவிட்டேன். கேட்கத்தான் பயம். கேட்டால் அந்த நினைப்பு கெட்டிப்பட்டுப் போகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உறவுக்காரரிடம் சொன்னால் பேய் பிடித்தது என்பார்கள். உங்களுக்கு எழுதவும் கை வரவில்லை. எழுதினால் அவர் மானம் போய்விடும் என்று நினைத்தேன்.

அண்ணா, கூடையில் தினமும் ஏதாவது போடுகிறவள் நான்தான். அவர் தூக்கி பஸ்ஸில் ஏற்றுவதோடு சரி. அன்றைக்கும் வெற்றிலை வைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, அதை எடுத்துவிட்டேன். கூடை வெறுமையாகப் போனால் நீங்கள் கண்டிப்பாக வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். பஸ் போன பிறகு வாசலிலேயே நின்றேன். நீங்கள் வந்து இறங்குவதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போனேன்.

இதுவரை வாசித்துக் காட்டியதும் அவர் சிரித்தார், அழவும் செய்தார். "ரெண்டு பேரும் சேந்து என்னைப் பிடிச்சுட்டியளே" என்றார்.

இன்றைக்குக் கூடையில் இருக்கும் சீனிக்கிழங்கை அவரே பொறுக்கிப் போட்டார். இனி என்றைக்காவது வெறுங்கூடை வந்தால், மறதி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அடுத்த பஸ்ஸில் வந்துவிடுங்கள் அண்ணா.

உங்கள் தங்கச்சி
பகவதி