மணல் நிற்காத வால்வு

அன்புள்ள மச்சான் ஏழுமலைக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. உன் பிள்ளை குமரனுக்கு அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கு அட்டை கிடைத்துவிட்டது. நீ சந்தோஷப்படு. நானும் படத்தான் பார்க்கிறேன், வாயெல்லாம் கசக்கிறது.

அந்த அட்டையைச் சும்மா தருவதில்லையாம். "அசாதாரணத் திறமை கொண்ட பொறியியல் ஆராய்ச்சியாளர்" என்று துறையில் இருப்பவர்கள் கடிதம் தர வேண்டுமாம். அதுவும் வெளியாள் தந்தால்தான் எடை அதிகமாம். போன ஆடியில் என் தி. நகர் பம்ப் கடைக்கு அடுத்த ஃபேக்ஸ் கடையில் எனக்கு ஒரு கடிதம் வந்து கிடந்தது. நான் எழுதிய கடிதம், மச்சான். குமரனே எழுதி அனுப்பியிருந்தான். நான் கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

எட்டாவதைத் தாண்டாத எனக்கு அந்த இங்கிலீஷை மகள் சுமதிதான் படித்துச் சொன்னாள். அதில் நான் தென்னிந்தியாவின் முன்னணி பம்ப் வல்லுநர். குமரனை நேரில் அறியேன், அவன் ஆராய்ச்சியை மட்டுமே அறிவேன். என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு, என் புதுச்சட்டையில் மூக்கைத் துடைத்தவனை எனக்குத் தெரியாதாம்.

"யப்பா, நீ யாருன்னே அத்தான் மறந்துட்டுகீறாரு போல" என்று சுமதி சிரித்தாள்.

அதைக்கூட விழுங்கியிருப்பேன். நான் வியாபாரி. சுமாரான மோட்டாரை ராஜா மாதிரி ஓடும் என்று சொல்லித் தள்ளியவன்தான். அடுத்த வரியைத்தான் விழுங்க முடியவில்லை. கிணற்று மணல் சிக்காத ஃபுட் வால்வைக் குமரனுக்கு முன்னால் எவரும் செய்ததில்லை என்று நான் உறுதி கூறுகிறேனாம்.

அப்படியானால் நீ செய்தது என்ன? அடையாறு வீடுகளில் கிணற்றுக் குழாயின் அடிவாயில் மணல் மாட்டி, வால்வு மூடாமல், மோட்டார் தண்ணீர் இழுக்காமல் நின்றது. நீ கே.கே. நகர் பட்டறையில் லாரி டியூபை வெட்டி வெட்டிப் பார்த்து, சரிவாக ஒரு ரப்பர் வைத்தாய். மணல் தானாக வழுக்கிக்கொண்டு போனது. அதை ஊரெல்லாம் விற்றவன் நான். அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன் குமரன்.

ஐ.எஸ்.டி. போட்டுக் கேட்டேன்.

"உங்கப்பன் பேரு எங்கடா?"

"மாமா, அப்பா பண்ணது பட்டறை வேலை. நான் பண்ணது ரிசர்ச். கணக்கு, டெஸ்ட், பேப்பர் எல்லாம் என்னுது."

"சரி, அத்தயே எழுது. மொதல்ல செஞ்சது அப்பன், அது ஏன் வேலை செய்யுதுன்னு கண்டுபுடிச்சது புள்ள. அப்டி எழுது, இப்பவே போட்றேன்."

"அப்பா பேரு வந்தா ஒரிஜினல் இல்லன்னுடுவாங்க மாமா. அப்பா இருந்திருந்தா அவரே உங்கள போடச் சொல்லிருப்பாரு."

சொல்லியிருப்பாய்தானே? "போட்டுத் தொல மச்சான், புள்ள நல்லா இருந்துட்டுப் போவட்டும்" என்று சிரித்திருப்பாய். அது தெரிந்துதான் அந்தப் பயல் அங்கே அடித்தான். செத்துப்போன அப்பனின் பாசத்தையே எடுத்து அப்பனைத் துடைக்கிறான். சீ என்று போனை வைத்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. தப்பா, மச்சான்?

அவனுக்கு வேறு ஆள் கிடைத்தான். வால்வைக் கண்ணால் பார்க்காத ஒரு பெரிய மனிதர் கையெழுத்துப் போட்டார், அட்டையும் வந்தது. அவன் திறமை பொய்யில்லை. அவன் போட்ட கணக்கு உனக்கும் வராது, எனக்கும் வராது. அதைச் சொன்னாலே போதாதா?

நேற்று கஸ்தூரி ஸ்வீட் பாக்ஸோடு கடைக்கு வந்தாள். என் தங்கச்சி இன்னும் உன் படத்துக்குத்தான் முதலில் எதையும் வைக்கிறாள். கடிதம் கொடுத்தவன் நான் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணே, நீ குடுத்த லெட்டர்ல அவரப் பத்தியும் எழுதுனியா?"

"எழுதாம? மொதல் வரியே உன் வூட்டுக்காரருதான்" என்றேன்.

கல்லாப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அமெரிக்காக்காரனிடம் பொய் சொல்லமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தியவன், கூடப் பிறந்தவளிடம் ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். நேற்றுவரை குமரன்மேல்தான் அருவருப்பு, இன்று என்மேலும்.

அந்த வால்வைச் செய்தது நீ என்று ஊர் அறிய, இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகர் வீட்டுக்குப் போய், கஸ்தூரியை எதிரில் உட்காரவைத்து நானே முழுக்கப் படித்துக் காட்டுவேன். நான் பொய் சொன்ன இடத்தைத் தாண்டிப் போகமாட்டேன். அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். இது உனக்குச் செய்யும் சத்தியம்.

உன் பெண்டாட்டியோடு பிறந்தவன்,
உன் மச்சான் கோதண்டம்