நீலச் சீருடை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஞாயிறன்று விடுப்பு. பஸ் நிலையம் எவ்வளவு தூரம் என்று பார்க்க நடந்தே கிளம்பினேன். பழைய கல்வீடுகள் நிறைந்த இரண்டு கிராமங்கள், நடுவில் ஓர் அருவி. மூன்று வருடப் பழக்கதோஷம், இந்த வீட்டு வேலைச் சீருடையையே மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன்! மூன்றாவது கிராமத்தில் முதலாளியம்மா காரோடு நின்றார்.

"ஏம்மா, நீலச் சீருடையப் பாத்ததுமே ரெண்டு ஊர்லேருந்தும் போன் வந்துடுச்சு. நீ தொலைஞ்சு போனா உங்கப்பாவுக்கு நான்ல பதில் சொல்லணும்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

என் பாஸ்போர்ட் அவர் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள். அதன் நகலையும் சாம்பல் நிறச் சுடிதார் ஒன்றையும் அனுப்புங்கள். நகலைத் துணி மடிப்புக்குள் வையுங்கள். பார்சலை அவர்தான் பிரிப்பார்.

கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்