மாடியில் எடுத்த போன்

1999, ஆனி, செவ்வாய் இரவு

நான் பெருக்கித் துடைக்கும் கம்ப்யூட்டர் சென்டரில், லினக்ஸுக்கு ஒரு சாஃப்ட்வேர் பேக்கேஜை இன்டர்நெட்டிலிருந்து இறக்கக் கல்லூரிக்காரி கவிதா காலையிலிருந்து பாடுபட்டாள். பாதியிலேயே இணைப்பு அறுந்தது. மோடத்தை அணைத்துப் போட்டாள். செட்டிங்கை மாற்றினாள். அறும்போதெல்லாம் மேஜை போன் 'டிங்' என்றது. அதே லைனில் மாடி வீட்டிலும் ஒரு போன் உண்டு; அங்கே முதலாளியம்மா ரிசீவரை எடுக்கிறார் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

மதியம் அவளும் கண்டுபிடித்தாள். விறுவிறுவென்று மாடிக்கு ஏறினாள். "அத்தே, மககிட்ட சாயங்காலம் பேசுங்களேன், லைன் அந்து போவுது!" முதலாளியம்மா சிரித்து, முறுக்கு கொடுத்தார். பேக்கேஜ் இறங்கிவிட்டது.

"ஏட்டி, கூடவே நின்னியே, நீ சொல்லப்பிடாதா?" என்றார் முதலாளி அண்ணாச்சி.

அந்தப் படியில் நான் செருப்போடு ஏறியதே இல்லை. அவள் செருப்போடுதான் ஏறினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செருப்புத் தடத்தை நான்தான் துடைத்தேன்.