சொந்த நாற்காலி

அக்கா,

வீடு முழுக்க நெயில் பாலிஷ் வாசனை. மகள் கூடத்தில் உட்கார்ந்து கால் நகத்துக்குச் சிவப்பு போட்டுக்கொண்டிருக்கிறாள். யாரோ தோழிக்கு நிச்சயதார்த்தமாம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, நாக்கைக் கடித்தபடி அதன் அடியில் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாயே, அதே கோலத்தில். உன் நகத்தில் ஒருநாளும் அதைப் பூசி நான் பார்த்ததில்லை. குடத்துக்கும் டிபன் கேரியருக்கும் நாற்காலிக்கும்தான் பூசினாய். "சாமியானாக்காரன் சேரோட கலந்துடுச்சின்னா இன்னா பண்ணுவ? பொட்டு வெச்சா நம்புள்து" என்றாய்.

உனக்கு ஒரு சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டோம், அக்கா. மறுபடியும் ஜெயித்துவிட்டோம்!

முதல் ஜெயிப்பு உனக்கே தெரியும். இருந்தாலும் அதையும் சொல்லத்தான் போகிறேன். எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது, அது வேறு விஷயம்.

ஆவடியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருமுல்லைவாயிலில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்றைக்கே மதில்மேல் எட்டிப் பார்த்து, "எந்த ஊரு?" என்று கேட்டாய். திருநெல்வேலிப் பக்கம் என்றேன். அன்றோடு என் பெயர் போச்சு. தெருவுக்கே நான் 'தின்னவேலி' ஆனேன். "நீ ஊடு கட்டிகீறியே, இந்த எடத்துலதான் எங்கம்மா களையெடுத்துச்சு. மாசாமாசம் வாடகைய எங்கைல குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, ஒரு கிண்ணம் வத்தக்குழம்பை மதில்மேல் வைத்துவிட்டுப் போனாய். என்ன வாய் உனக்கு! அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலை முடிந்து ஆறு மணிக்கு நீ திரும்பினால்தான் நம் தெருவுக்குச் சத்தமே வரும்.

அந்த வாய் அடைத்துப் போய் நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். நம் வாக்குச்சாவடியைத் தெருமுனைப் பள்ளிக்கூடத்திலிருந்து ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்களே, அந்தத் தேர்தல் நாள். பக்கவாதம் வந்து வாக்கர் பிடித்து நடக்கிற உன் வீட்டுக்காரர் லெவல் கிராசிங் வரைக்கும் வந்தார். கேட் திறந்ததும் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு ஓட, அந்தப் பக்கத்து வண்டியும் இந்தப் பக்கத்து வண்டியும் நடுவில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்க, அவர் அப்படியே நின்றுவிட்டார். கேட் மறுபடி மூடியது. திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "ஓட்டுப் போட வயசு வந்ததுலேர்ந்து ஒரு வாட்டிகூட உட்டதில்ல அந்த மனுசன். என் மூஞ்சியகூட பாக்க மாட்டேன்றாரு, தின்னவேலி" என்று என்னிடம் சொல்லும்போது உன் குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பிறகுதான் நம் வார்டில் பகுதி சபைக் கூட்டம் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா, மைக், வாடகை நாற்காலி. தெரு விளக்கு, குப்பை வண்டி என்று பேச்செல்லாம் முடிந்து, மக்கள் ஏதாவது கேட்கலாம் என்றதும், சாவடியைத் திரும்ப நம் பக்கம் கேட்க நீ எழுந்தாய். நீ எழுந்து பாதி வாக்கியம்கூடப் பேசியிருக்கமாட்டாய், வாடகைக் கடைக்காரர் பின்வரிசையிலிருந்து நாற்காலியை அடுக்க ஆரம்பித்துவிட்டார். டக், டக், டக். அவருக்கு வேறு இடத்தில் வளைகாப்பாம். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கொடுத்தார்கள். எழுந்தவர்கள் நிற்பானேன் என்று வீட்டுக்குக் கிளம்பினார்கள். நீ பேசி முடித்தபோது மைதானத்தில் நீயும் நானும் நாற்காலிக் கோபுரமும்தான்.

வீட்டுக்கு நடந்தோம். வாசலில் செருப்பை உதறிவிட்டுச் சொன்னாய்: "பாத்தியா? நம்பள யாரும் தொரத்தல. நாற்காலியத்தான் உருவுனான். அடுத்த கூட்டத்துக்கு நம்ம ஊட்டு நாற்காலிய எத்துனு போவோம். எவன் உருவுறான் பாக்கலாம்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "என்னக்கா பேசுத? கல்யாண வீட்டுக்குச் சோத்தக் கட்டிட்டுப் போறாப்புலல்லா இருக்கு" என்றேன். நீ சிரிக்கவில்லை. வீடு வீடாகப் போனாய். பெண்களைப் பிடித்து வைத்துப் பேசினாய். ஒவ்வொரு வீட்டு நாற்காலிக்கும் அடியில் ஒவ்வொரு நிறத்தில் பொட்டு வைத்தாய். எங்கள் வீட்டுக்கு மஞ்சள் பொட்டு; அந்த மஞ்சள் பாட்டிலை எந்தக் கடையில் தேடிப் பிடித்தாயோ.

அடுத்த கூட்டத்தன்று காலையில் நம் தெரு கிளம்பிய அழகு இருக்கிறதே! முதல் நாள் மழை பெய்து தெருவெல்லாம் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலைமேல் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு, நாற்காலிக் கால்கள் நாலும் வானத்தைப் பார்த்து நிற்க, வரிசையாக நடந்தீர்கள். முன்னால் நீ. எதிரே வந்த பால்காரர் வண்டியை நிறுத்தி ஓரம் கட்டினார். எனக்கு என்ன தோன்றியதோ, முன்னால் ஓடிப்போய் என் நாற்காலியைத் தண்ணீரில் போட்டு, அதன்மேல் ஏறி நின்று போனில் படம் எடுத்தேன். நீ நேராக என்னைப் பார்த்துக் கத்தினாய்: "ஏ தின்னவேலி! படம் புடிச்சது போதும், தூக்கு!" அந்தப் படத்தில் உன் வாய் திறந்திருப்பது அதனால்தான்.

கூட்டத்தில் நீ கேட்டாய். வந்திருந்த அதிகாரி பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "சாவடி விஷயம் எங்க கையில இல்லம்மா. வேணும்னா தீர்மானம் போட்டு மேல அனுப்பலாம், பார்க்கலாம்."

"போடுங்க சார். அனுப்புங்க. நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் நாங்க இங்கியே குந்திகினு கீறோம்."

வாடகைக் கடைக்காரர் வழக்கம்போல வந்தார். முதல் நாற்காலியில் கை வைத்தார். "அண்ணாத்தே, அது என்து. அடில பாரு, பொட்டு கீது" என்றாய். அவர் குனிந்து பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார், பச்சைப் பொட்டு. அதற்கடுத்தது ஊதா. அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்த்து அதிகாரியே சிரித்துவிட்டார். தீர்மானத்தை அங்கேயே எழுதி, வாசித்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாம் எழுந்தோம். அதோடு விட்டாயா? அது எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு அலைந்தாய். அடுத்த தேர்தலுக்கு வாக்குச்சாவடி நம் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்தது.

அன்றைக்கு உன் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, வாக்கரைத் தட்டித் தட்டி, முதல் ஆளாக உள்ளே போனார். நீ வெளியே வந்ததும் மை வைத்த விரலைக் காட்டச் சொல்லிப் படம் எடுக்க வந்தேன். கை முழுவதையும் விரித்துக் காட்டினாய். "அது ஒண்ணு மட்டும் இன்னாத்துக்கு? நாற்காலி தூக்குனது மொத்தக் கையும்தானே" என்றாய்.

அந்தத் தேர்தல் முடிந்து கொஞ்ச நாளில் நெஞ்சு வலி என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி உன்னைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அதைப் பற்றி என்னால் எழுத முடியாது, அக்கா. விட்டுவிடு.

உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டினார்கள். ஏதோ அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு. பயந்துபோன யாரோ ஒரு பொம்பளை மாதிரி அதில் இருக்கிறாய். உன் வீட்டுக்காரர் என்னிடம், "அது அவ இல்லம்மா. அவ எப்ப இப்டி வாய மூடிகினு குந்தினா?" என்றார். அப்போதே முடிவு செய்தேன், நீ நீயாக இருக்கிற படத்தை நாலு பேர் பார்க்கிற சுவரில் மாட்டி, அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என்று.

வழியும் வந்தது. நம் பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு புகைப்படப் போட்டி வைத்தன. தலைப்பு 'மக்களாட்சியில் நாம்'. போனில் எடுத்த படமும் போதும் என்றார்கள். உன் படத்தை அனுப்பினேன். அடியில் 'சொந்த நாற்காலி' என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு நாளில் போன் வந்தது. போட்டியை நடத்தும் ஒரு தம்பி. "மேடம், படம் மாறி வந்துடுச்சுன்னு நினைக்கிறேன். கல்யாணக் காண்ட்ராக்ட் லேடீஸ் சேர் தூக்கிட்டுப் போற படம் வந்திருக்கு. விரல்ல மை வெச்ச மாதிரி ஏதாவது இருந்தா அனுப்புங்க."

கல்யாணக் காண்ட்ராக்டாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் வந்தால் எனக்குத்தான் ஊர்த் தமிழ் வந்துவிடுமே. "தம்பி, படம் ஒண்ணும் மாறலை. அவுக கல்யாணத்துக்குப் போகலை, கேள்வி கேக்கப் போறாவ. நாளைக்கு நேர்ல வாரேன், நீங்க அங்கனயே இருங்க" என்றேன்.

அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் கண்காட்சிக்கு ஏற்பாடு. போனேன். நாற்காலி உருவிய கதையிலிருந்து பொட்டு வரைக்கும் நின்றபடியே சொன்னேன். அந்தத் தம்பி நல்ல பிள்ளை. கேட்டுவிட்டு, "ஸாரிங்க மேடம்" என்றான். ஆனால் நல்ல இடமெல்லாம் விரல் படங்களுக்குப் போய்விட்டது. சுவர் முழுக்க விரல், விரல், விரல். மிச்சம் இருந்தது சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவர். அங்கே மாட்டினான். எனக்கு மனசே ஆறவில்லை.

கண்காட்சியன்று நம் தெருவே கிளம்பியது. எப்படிக் கிளம்பியது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? அங்கே நாற்காலி விருந்தாளிகளுக்கு மட்டும்தான் என்று முன்னமே விசாரித்து வைத்திருந்தேன். லோடு ஆட்டோவில் நாற்காலிகளை ஏற்றினோம். மண்டப வாசலில் இறக்கி, தலைமேல் கவிழ்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தோம். உன் வீட்டுக்காரர் முன்னால். அந்தத் தம்பி எங்களையும் பார்த்தான், படம் மாட்டிய சுவரையும் பார்த்தான், ஓடிவந்து வழிவிட்டான்.

நடுவர் என்று யாரும் கிடையாது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு சீட்டில் பிடித்த படத்தின் எண்ணை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மத்தியானம் எல்லோருக்கும் புளிசாதமும் தயிர்சாதமும் கொடுத்தார்கள். தின்ற கையைக் கழுவாமல் யார் போவார்கள்? ஒருவர் விடாமல் தொட்டிக்கு வந்தார்கள். ஒருவர் விடாமல் உன் முன்னால் நின்றார்கள். ஈரக் கையோடு, "இவங்க எங்க போறாங்க?" என்று கேட்டார்கள். பக்கத்திலேயே அதே நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஆளாளுக்குச் சொன்னோம். தொண்டை வற்றும் வரைக்கும் சொன்னோம்.

நடுவில் எதிர்வீட்டுச் சாந்தி இரண்டாவது சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் காதில், "யாரும் பாக்கல. இன்னொண்ணு போட்டுட்டா இன்னா?" என்றாள். எனக்கும் ஆசைதான், பொய் சொல்லமாட்டேன். உன் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஏ சாந்தி! கள்ள ஓட்டா? அவ இருந்தா உன் கைய ஒடச்சிருப்பா" என்று ஒரு அதட்டல் போட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. சாந்தி சீட்டைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். அந்தத் தம்பி மைக்கைப் பிடித்து, "முதல் பரிசு, சொந்த நாற்காலி!" என்றான். ஐயோ அக்கா, நம் பெண்கள் போட்ட கூச்சல் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். மேடைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை, உன் வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் மேடை ஏறவில்லை. வாக்கரைத் தட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய், உன் படத்துக்கு முன்னால் நின்றார். திறந்திருந்த உன் வாயை விரலால் தொட்டார். "ஆங், இதான் அவ. கத்திகினு கீறா பாரு" என்றார். சிரித்தார், அழுதார். மாலை போட்ட அந்தப் படத்தை மறுநாளே கழற்றிவிட்டார். இப்போது உங்கள் கூடத்தில் நாற்காலியோடு நீதான் இருக்கிறாய்.

நேற்று அவர் உன் நாற்காலியை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். 'சும்மா கீது, தின்னவேலி எத்துனு போவட்டும்' என்றாராம். ஞாயிற்றுக்கிழமை பகுதி சபை. இந்தத் தடவை ஸ்டேஷன் ரோட்டு விளக்கைக் கேட்கப் போகிறோம். கவிழ்த்துப் பார்த்தேன், உன் பொட்டு பாதி உரிந்திருக்கிறது. மகளிடம் பாட்டிலை வாங்கி, நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு, அதன்மேலேயே புதுப் பொட்டு வைத்தேன். இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது.

அந்தப் படத்தில் நம் தெருப் பெண்கள் எல்லோரும் இருக்கிறார்கள், நான் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன், அக்கா. என் தலைமேல் உன் நாற்காலி இருக்கும். பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டும்.