பதினெட்டு கூடும்

ரந்தாவ்
மலேசியா
3.5.1987

அன்புத் தங்கை மயிலம்மாளுக்கு,

அண்ணன் நல்லசாமி எழுதுவது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய எண்ணெயைத் தேய்க்கிறாயா, அல்லது அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "என் ஆள் நோஞ்சான், இனி நான் ஆட்டத்துக்கு வரல" என்று மாப்பிள்ளை பகடையைத் தட்டிவிட்டதாக எழுதியிருந்தாய். என் மகன் கணேசமூர்த்தி லண்டனிலிருந்து கொண்டுவந்து என்னிடம் விட்டுப்போன கதையாட்டப் பெட்டி இது. அதன் விதிகளை நான் தமிழில் எழுதி ஜனவரியில் கெமாஸுக்கு அனுப்பியபோது, இந்த வயதில் பூதமும் புதையலுமா என்று நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். நான் நடுவனாக இருந்து குகையில் என்ன இருக்கிறது என்று எழுதுவதும், உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் பதில் போடுவதுமாக நான்கு மாதம் ஓடிவிட்டது. அதற்கு முன் நமக்குள் வருஷத்துக்கு ஒரு தீபாவளி அட்டை, அவ்வளவுதானே. இந்த ஆட்டம் நின்றால் கடிதமும் நின்றுவிடக்கூடும். அதுதான் என் பயம்.

மாப்பிள்ளையின் ஆளான வேங்கைமாறனின் பலம் ஒன்பது என்பது அவரே மூன்று பகடை உருட்டி எடுத்தது. பூட்டுத் திறக்கிற கள்ளியான உன் ராக்கம்மாவுக்குப் பதின்மூன்று விழுந்தது. வாள் பிடிக்கிறவனுக்குக் குறைவு, கள்ளிக்கு அதிகம். யார் புருஷன், யார் பெண்டாட்டி என்று பகடைக்குத் தெரியாது. ஆனால் மாப்பிள்ளை மனம் கோணக்கூடாது.

யோசித்து ஒரு வழி செய்திருக்கிறேன். விதிப்படி மனிதருக்கு உச்சம் பதினெட்டு. இத்துடன் இருக்கிற தனித்தாளை மாப்பிள்ளையிடம் கொடு. அதில் உள்ளது இது: "அருவிக்குப் பின்னால் வேங்கைமாறன் ஒரு மந்திரச் செப்புக் காப்பைக் காண்கிறான். அதை அணிந்திருக்கும்வரை அவன் பலம் பதினெட்டு கூடும்."

செய்தது சரியா என்று தெரியவில்லை.

அன்புடன்,
அண்ணன் நல்லசாமி


கெமாஸ்
17.5.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மயிலம்மாள் வணக்கம். எண்ணெய் தேய்க்கிறேன். நாற்றம்தான் தாங்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. தாளைப் படித்தவர் எழுந்து நின்றுவிட்டார். "ஒம்போதும் பதினெட்டும் இருபத்தேழு! மச்சான்னா மச்சான்தான் லா!" என்று ஒரே ஆர்ப்பாட்டம். ரயில்வேயை விட்டு வந்த இரண்டு வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பாசாரில் மீன்காரரிடம்கூட, "எனக்கு இப்போ பலம் இருபத்தேழு" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் பாவம், ஏதோ மருந்து என்று நினைத்து எந்தக் கடை என்று கேட்டாராம்.

அடுத்த அறையின் இரும்புக் கதவில் மூன்று பூட்டு வைத்திருந்தீர்களே, அதை ராக்கம்மாவுக்காகத்தானே வைத்தீர்கள்? நான் பகடையைக் கையில் எடுத்தேன். "நவுரு, நீ விளக்கைப் பிடி" என்று அவர் கதவையே பிய்த்து எறிந்துவிட்டார். அன்றிலிருந்து ராக்கம்மா விளக்குப் பிடிக்கிறாள்.

அண்ணா, உங்கள் கடிதங்களில் எத்தனை "கூடும்"! மழை பெய்யக்கூடும், தபால் தாமதமாகக்கூடும். ஒன்றையாவது உறுதியாக எழுதுங்களேன்.

மயிலம்மாள்


ரந்தாவ்
24.5.1987

அன்புத் தங்கைக்கு,

இருபத்தேழு என்று படித்ததும் கார்பன் நகலை எடுத்துப் பார்த்தேன். "பதினெட்டாகக் கூடும்" என்று எழுத நினைத்து, "ஆக" என்ற இரண்டு எழுத்தை விட்டிருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸராக இருந்து ஒரு சீட்டிலும் அளவு தவறியதில்லை. இப்போது தவறிவிட்டது.

மருந்தில் இரண்டு விதம் உண்டு. ஒன்று குறைந்ததை நிறைப்பது. உடம்பு உரிய அளவுக்கு வந்ததும் அது நின்றுவிடும். மற்றது இருப்பதன்மேல் கூட்டிக்கொண்டே போவது. நான் முதல் வகையைக் கொடுக்க நினைத்து இரண்டாவதைக் கொடுத்துவிட்டேன். யோசித்தால் முதல் வகையிலும் குறை இருக்கிறது. ஒன்பது உள்ளவனையும் பதினேழு உள்ளவனையும் அது ஒரே ஆளாக்கிவிடும். அப்புறம் சொந்தப் பலம் எதற்கு? முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

எழுத்துப் பிழை என்று மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல்ல முடியுமா? நான் சொன்னால் கொடுத்ததைப் பிடுங்குகிறேன் என்று நினைக்கக்கூடும். அதுவரை ஆட்டம் சமமாக இருக்க, வருகிற பூதங்களின் பலத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறேன்.

நல்லசாமி


கெமாஸ்
7.6.1987

அண்ணனுக்கு,

உங்கள் பிழையை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீங்கள் எழுதியது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரட்டிப்பாக்கிய பூதம் வந்தது. உங்கள் மாப்பிள்ளைக்கு அது சரியான ஜோடி. இரண்டு பேரும் ஆனந்தமாகச் சண்டை போட்டார்கள். போகிற போக்கில் அது ராக்கம்மாவை ஒரு தட்டுத் தட்டியது. ஏழு உயிர்ப்புள்ளியில் ஒன்றுதான் மிச்சம். அவருக்கு அளந்து தைத்த பூதம் எனக்கு மலை, அண்ணா. அவரைத் தூக்கிவிட்டீர்கள், அவருக்காகக் குகையையும் தூக்கினீர்கள். நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். அது மந்திரக் காப்பு இல்லை, சீர். மாப்பிள்ளை முகம் சுண்டினால் பெண்ணின் அண்ணன் ஓடிப்போய் எதையாவது கொண்டுவந்து கொடுப்பது. நானும் நீங்களும் ஒரு தாய் வயிறு. உங்கள் ஆட்டத்தில் நானும் ஓர் ஆள். ஆனால் எனக்கு ஏதாவது வேண்டுமா என்று ஒரு கடிதத்திலாவது கேட்டீர்களா?

என் சைக்கிள் நினைவிருக்கிறதா? ரந்தாவுக்குத் தையல் படிக்கப் போக நீங்களே வாங்கிக் கொடுத்தது. கல்யாணத்தன்று அவர் முகம் வாடியிருந்தது என்று அதைத் தள்ளிக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்தீர்கள். என் சைக்கிளின் பின்னால் கேரியரில் உட்கார்ந்துதான் நான் புருஷன் வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் சைக்கிள் ஓட்டியதில்லை.

இப்போது மறுபடியும் கேரியர். எனக்கு இந்த ஆட்டம் போதும். நீங்களும் உங்கள் மாப்பிள்ளையும் ஆடுங்கள்.

மயிலம்மாள்


ரந்தாவ்
16.6.1987

அன்புத் தங்கைக்கு,

இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

நினைவிருக்கிறது. நீ எழுதாமல் விட்டதையும் நானே எழுதுகிறேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாளும் மாப்பிள்ளை முகம் சரியில்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் வீட்டாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் பயம். அப்பா இல்லாத பெண், அண்ணன் குறை வைத்துவிட்டான் என்று நாளை உன்னைப் பேசுவார்களோ என்று. அன்று மாலையே உன் பச்சைச் சைக்கிளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். "உன்னுடையது என்று மூச்சு விடாதே, பழையதைத் தலையில் கட்டினேன் என்பார்கள்" என்று உன்னிடம் சொன்னேன். நீ சரி என்று தலையாட்டினாய். மணப்பெண் வேறு என்ன செய்ய முடியும். உன்னைக் கேட்டுக் கொடுத்ததாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்கவில்லை, சொன்னேன்.

மாப்பிள்ளைக்குத் தனிக் கடிதம் இன்று தபாலில் போட்டுவிட்டேன். காப்பு போட்டால் பலம் பதினெட்டுதான், இருபத்தேழு அல்ல, பிழை என்னுடையது என்று. தபால் பெட்டிக்குள் போட்ட பிறகு தபால்காரரிடம் திரும்பக் கேட்கலாமா என்று சற்று நேரம் அங்கேயே நின்றேன். கேட்கவில்லை.

காப்பைப் பறிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. துருப்பிடிக்க வைக்கலாமா, பத்து முறைதான் வேலை செய்யும் என்று விதிக்கலாமா என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். எல்லாமே பின்வாசல் வழியாகப் போவதுபோல் இருக்கிறது. உனக்கும் ஒரு காப்புக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அது இன்னொரு சீர்தான் என்று நீ சொல்வாய்.

போகாதே மயிலு. ராக்கம்மா என்ன செய்கிறாள் என்று எழுது. அவள் என்ன செய்தாலும் விதிப்படி தீர்ப்பேன்.

அண்ணன்


கெமாஸ்
28.6.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் அவருக்கு வந்தது. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறாரா மச்சான்? என்ன மனுஷன் லா!" என்று சோற்றுத் தட்டை நகர்த்தினார். நீங்கள் இங்கே இருந்திருந்தால் ஓடிப்போய் இன்னொரு காப்புக் கொண்டுவந்திருப்பீர்கள். நான் என் தட்டில் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டு தானாகத் திரும்பி வந்தது. "பதினெட்டும் மோசமில்ல" என்றார். முகம் சுண்டினால் பூமி பிளந்துவிடாது அண்ணா. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

ராக்கம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டீர்கள். வேங்கைமாறன் தூங்கும்போது காப்பைக் கழற்றி எடுக்கிறாள். அவள் கள்ளி. அவளுடைய சாமர்த்தியம் பதினாறு, நானே உருட்டி எடுத்தது. இருபது முகப் பகடையில் பதினாறோ அதற்குக் கீழோ விழுந்தால் காப்பு அவளுடையது. மேலே போனால் அவன் விழித்துக்கொள்வான். உங்கள் கையெழுத்தில் இருக்கிற விதி இது.

இங்கே உருட்டினால் அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் உருட்டுங்கள். ஒரே ஒரு முறை. விழுந்ததை எழுதுங்கள். பாவம் பார்த்து எனக்குக் காப்பைக் கொடுத்தீர்கள் என்றால் உங்கள் எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். அதுதான் நான் படிக்கிற கடைசிக் கடிதமாக இருக்கும்.

மயிலம்மாள்


ரந்தாவ்
7.7.1987

அன்புத் தங்கைக்கு,

இரண்டு நாள் பகடையைத் தொடவில்லை. இருபதில் பதினாறு, ஐந்துக்கு நான்கு பங்கு உன் பக்கம். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

இன்று காலை ஒன்பது மணிக்கு மேசையைத் துடைத்து, பகடையை மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையில் போட்டுக் குலுக்கினேன். பக்கத்து வீட்டு ஆறுமுகத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். லாட்டரியா என்று கேட்டார். இல்லை, தங்கை விஷயம் என்றேன். அவர் நாற்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார்.

பதினேழு விழுந்தது.

ஒன்றில் போயிற்று. மேசை சாய்ந்திருக்கிறதோ என்று பார்த்தேன். சாயவில்லை. "இன்னொரு தடவை போடுங்களேன், யார் பாக்கப்போறா?" என்றார் ஆறுமுகம். நான் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

ராக்கம்மாவின் திருட்டு பலிக்கவில்லை. வேங்கைமாறன் விழித்துக்கொண்டான். அவள் கை அவன் காப்பின்மேல் இருக்கிறது. அவன் அதைப் பார்க்கிறான்.

இதை மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு. இனி அவர் முறை.

நல்லசாமி


கெமாஸ்
19.7.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

பதினேழு என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக நீங்கள் எனக்கு இல்லை என்று நேராகச் சொல்லியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை தேடிப் பார்த்தேன். ஒரு "கூடும்" இல்லை.

பிறகு அவரிடம் படித்துக் காட்டினேன்.

"திருடுனியா? என் காப்பையா? ஏன், கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

"நீங்க என்னோடதைக் கேட்டு வாங்குனீங்களா?"

"எதை?"

"சைக்கிளை."

"எந்தச் சைக்கிள்?"

சொன்னேன். பச்சைப் பெயின்ட், கறுப்புப் பெயின்ட், மூச்சு விடாதே என்று நீங்கள் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அது உன்னோடதா? குறுக்குக் கம்பி இல்லாத பொம்பளை சைக்கிளை மச்சான் ஏன் எனக்குக் குடுத்தாருன்னு முப்பது வருஷமா மண்டையைக் கொடைஞ்சுக்கிட்டு இருக்கேன். படிச்ச மனுஷன், என்னை நக்கல் பண்றார்னு நெனச்சேன். ஸ்டேஷன்ல எல்லாப் பயலும், 'சன்னாசி, பாவாடை எங்கே'ன்னு கேட்டான். அதான் நான் ரந்தாவ் பக்கமே தலை வெச்சுப் படுக்கல."

அன்றைக்கு முகம் ஏன் வாடியிருந்தது என்றும் கேட்டேன். கடவாய்ப் பல் வலியாம். "டிரஸர் மச்சான் ஒரு கிராம்பு குடுத்திருந்தா போதும் லா" என்கிறார். இதை எழுதும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அண்ணா, நீங்கள் அழுவீர்கள் என்று தெரியும். அழுது முடித்துவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள். எங்கள் பதில் இதோ.

வேங்கைமாறன் காப்பைக் கழற்றி இருவருக்கும் நடுவில் தரையில் வைக்கிறான். ராக்கம்மா அதை எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும். அடுத்த கதவில் ஒரு பூட்டு இருக்கிறது. விளக்கை அவன் பிடித்துக்கொள்கிறான். பகடையை இங்கேயே உருட்டினேன், அவர் சாட்சி. ஆறு விழுந்தது. கதவு திறந்துவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது? உறுதியாக எழுதுங்கள்.

தங்கை,
மயிலம்மாள்