ஒன்றரை மணி நேரத்துக் கொழும்பு

பாலகாட், கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.)
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அம்மா ரத்தினம் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் ஒருமாதிரி ஓட்டிக்கொண்டிருக்கிறோம், கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போனை விட்டுவிட்டு அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், உன் அப்பா எந்நேரமும் பக்கத்திலேயே படுத்திருக்கிறார், மூச்சுதான் குறைந்ததே தவிர காது குறையவில்லை. பக்கத்து வீட்டு டெய்சி சர்ச் சபை ஆட்களோடு கொழும்புக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன்.

போன வாரம் நடந்ததை உனக்குப் பாதிதான் சொன்னோம். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் சோறு பிசைந்த கையோடு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார், உதடெல்லாம் நீலம். உன் தம்பி சித்தார்த் பெங்களூரில் வேலையில் இருந்தான். நானும் டெய்சி வீட்டுக்காரர் வால்டரும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கோலார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்சிஜன் வைத்த பிறகுதான் கண் திறந்தார். சுரங்கத்துத் தூசு நுரையீரலை அரித்துவிட்டது, இந்தமுறை தப்பித்தார், அடுத்தமுறை எப்படியோ என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த நேரத்தில்தான் நீ போன் செய்தாய். ப்ளேனில் ஒன்றரை மணி நேரம்தானே, இப்பவே வரேன் என்று அழுதாய். அவர் மாஸ்க்கை இழுத்துவிட்டு, "இன்னாத்துக்கு வர? நான் இன்னா செத்தா பூட்டேன்? போய் வேலையப் பாரு" என்று கத்தினார். நீயும் நின்றுவிட்டாய், உன்மேல் தப்பில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சித்தார்த் போனில் பார்த்துச் சொன்னான், பெங்களூரிலிருந்து கொழும்பு எழுநூறு கிலோமீட்டர் சொச்சமாம். நான் தினமும் ரயில்ல நின்னுகினு போற நேரத்துல அக்கா வந்தே சேர்ந்துடுவாம்மா என்றான். பறக்கிற நேரத்தை மட்டும் சொன்னால் ஆச்சா? நீ இரண்டு மணி நேரம் முன்னாடியே போய் அங்கே காத்திருக்கணும், இங்கே இறங்கினால் ஏர்போர்ட் ஊருக்கு அந்தக் கோடியில், அங்கிருந்து பஸ், பங்காருபேட்டை ரயில், ஆட்டோ என்று ஒரு பகல் முழுசும் போய்விடும். சேதி கேட்டுப் புறப்பட்டால் எதற்கு வந்து சேருவாய்? அதை நினைத்தால் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. ராத்திரியெல்லாம் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்து, பகலில் நின்ற இடத்தில் தூங்கி விழுகிறேன்.

நேற்று சாயந்தரம் கஞ்சி கொடுக்கும்போது திடீரென்று, "காலைல ஏறினா அவ சாயந்தரம் இங்க இருப்பாளா?" என்று கேட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "சும்மா கேட்டேன்" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனிதர் தனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை.

அதனால் சொல்கிறேன், வா கண்ணு. கெட்ட சேதிக்காகக் காத்திருக்காதே. அவர் எழுந்து உட்கார்ந்து உன்னைத் திட்டுகிற தெம்பு இருக்கும்போதே வா. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் நீ மட்டும் வா, அங்கிருந்து ஒன்றும் வாங்கி வர வேண்டாம். பகவான் புத்தர் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழுங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, தூசு.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ரத்தினம்